இத்தனை நாளும் அதைக் காய்கறிப் பாட்டு என்றே நினைத்திருந்தேன்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தங்கை மகள் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு ஏதோ வரைந்துகொண்டிருந்தாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். போனில் பழைய பாட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன. ‘அத்திக்காய் காய் காய் ஆலங்காய் வெண்ணிலவே’ வந்ததும் வழக்கம்போல நானும் கூடச் சேர்ந்துகொண்டேன். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து கேட்கும் பாட்டு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் முழுசாகச் சொல்வேன்.

“மாமா, இவங்க எதுக்கு நிலாகிட்ட காய் பேரா சொல்லிட்டிருக்காங்க?”

“அது அப்படித்தாண்டா கண்ணு. வரிக்கு வரி காய் வர்ற மாதிரி எழுதின பாட்டு.”

“அது சரி. நிலாவுக்கும் காய்க்கும் என்ன சம்பந்தம்?”

“நிலா காயும்ல...” என்று ஆரம்பித்தவன் அப்படியே நின்றுவிட்டேன். கையில் பாதி மடித்த சட்டை.

நிலா காயும். நானே சொன்னேன். என் வாயிலிருந்து வந்த பிறகுதான் என் காதுக்கே அது போய்ச் சேர்ந்தது.

பாட்டை நிறுத்திவிட்டு முதல் வரியை மெதுவாகப் பிரித்துப் பார்த்தேன். அத்திக்காய். அத் திக்காய். அந்தத் திக்கில் போய்க் காய், வெண்ணிலவே. அடுத்த வரி, ‘இத்திக்காய் காயாதே என்னைப்போல் பெண்ணல்லவோ.’ இத் திக்காய்க் காயாதே. இந்தப் பக்கம் வந்து என்னைச் சுடாதே, நீயும் என்னைப்போல ஒரு பெண்தானே, என் பாடு உனக்குத் தெரியாதா என்று கேட்கிறாள். இத்தி என்று ஒரு மரம் இருப்பதே எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். ஏதோ ஒரு காய் போலிருக்கிறது என்று இத்தனை வருஷமும் அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். ‘கன்னிக்காய் ஆசைக்காய்’ என்று வரும்போது மட்டும், இது காய்கறி இல்லையே, ‘கன்னிக்காக’ என்றல்லவா இருக்கிறது என்று லேசாக ஒரு சந்தேகம் தட்டியிருக்கிறது. அதையும் ‘சரி, எதுகைக்காகப் போட்டிருப்பார்’ என்று மூடி வைத்துவிட்டேன்.

1962இல் வந்த ‘பலே பாண்டியா’ படத்துப் பாட்டு. கண்ணதாசன் எழுதியது, விஸ்வநாதன் - ராமமூர்த்தி இசை. டி.எம்.சௌந்தரராஜன், பி.சுசீலா, பி.பி.ஸ்ரீனிவாஸ், ஜமுனா ராணி என்று நான்கு பேர் பாடியிருக்கிறார்கள். இந்த விவரமெல்லாம் எனக்கு எப்போதோ தெரியும். யார் எந்த வரி பாடினார்கள் என்பதுகூடத் தெரியும். பாட்டு என்ன சொல்கிறது என்பது மட்டும்தான் தெரியாது.

முதலில் வந்தது சந்தோஷம் இல்லை, வெட்கம். உடனே என் நண்பனுக்கு போன் போட்டேன். அவன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. “டேய், இது இப்பதான் தெரியுமா உனக்கு? பாட்டே அதுதானேடா!” நான் விடவில்லை. “சரி, ‘மைக்கேல் மதன காமராஜன்’ தலைப்புக்கு என்ன அர்த்தம் சொல்லு” என்றேன். “அது ஏதோ ஒரு ஆள் பேர், மதனகாமராஜன் கதைன்னு பழைய புஸ்தகம் ஒண்ணு இருக்குல்ல.” புத்தகம் இருக்கிறதுதான். ஆனால் படத்தில் நான்கு கமல்ஹாசன். மைக்கேல், மதனகோபால், காமேஸ்வரன், ராஜு. தலைப்பில் நான்கு பேரும் வரிசையாக நிற்கிறார்கள். பழைய கதைப் புத்தகத்தின் பெயருக்குள் நான்கு அண்ணன் தம்பிகளையும் அடைத்து, முன்னால் ஒரு மைக்கேலை ஒட்டியிருக்கிறார்கள். 1990இல் வந்த படம். அவன் அதைக் குறைந்தது முப்பது தடவையாவது பார்த்திருப்பான், வசனம் வசனமாக ஒப்பிப்பான். போனில் அரை நிமிடம் சத்தமே இல்லை. அப்புறம் “அட நாசமாப் போக” என்றான்.

மனசு கொஞ்சம் ஆறியது.

ஒரு விஷயம் மனப்பாடம் ஆனவுடன் நாம் அதைக் கேட்பதை நிறுத்திவிடுகிறோம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. புதிதாக ஒரு பாட்டு வந்தால் காது தீட்டிக்கொண்டு கேட்கிறோம். பத்தாவது தடவைக்கு மேல் காது வேலை செய்வதில்லை, வாய்தான் செய்கிறது. அதுவும் சின்ன வயதில், அர்த்தம் புரியும் முன்பே மனப்பாடம் ஆனவை இன்னும் மோசம். அந்த வயதில் கேட்ட சத்தமாகவே அவை உள்ளே கெட்டியாகிவிடுகின்றன. அதற்குப் பிறகு நாம் எவ்வளவு தமிழ் படித்தாலும் அந்தப் பழைய சத்தத்தைப் போய்த் திறந்து பார்ப்பதில்லை. ‘வீர அபிமன்யு’வில் வரும் ‘பார்த்தேன் சிரித்தேன்’ பாட்டில் திரும்பத் திரும்பத் தேன் வருவது யாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் நடுவில் ‘மலைத்தேன்’ இரண்டு தடவை வருவதும், ஒன்று மலையில் கிடைக்கும் தேன், இன்னொன்று மலைத்துப்போனேன் என்பதும் எனக்கு உறைத்தபோது எனக்கு முப்பது தாண்டிவிட்டது. அதையும் கண்ணதாசன்தான் எழுதியிருக்கிறார். மனிதர் என்னைப்போன்ற ஆட்களை வைத்து நன்றாக விளையாடியிருக்கிறார்.

இசை விஷயத்தில் நான் இன்னும் மோசம். ‘சிந்து பைரவி’யில் ‘கலைவாணியே’ பாட்டை இளையராஜா கல்யாணி ராகத்தின் ஆரோகணத்தை மட்டும் வைத்து அமைத்திருக்கிறார், அதாவது ஸ்வரங்கள் மேலே ஏறிக்கொண்டே இருக்கும், இறங்கு வரிசையே கிடையாது என்று சங்கீதம் தெரிந்த ஒருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். படம் 1985இல் வந்தது. கேட்கும்போதெல்லாம் நெஞ்சைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறதே என்று மட்டும் தெரிந்தது, ஏன் என்று தெரியவில்லை. தெரிந்த பிறகு போட்டுக் கேட்டேன். படிக்கட்டு ஏறுகிற மாதிரி அவ்வளவு தெளிவாக இருக்கிறது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும், யாராவது சொல்லாமல் நானாக இதைக் கண்டுபிடித்திருக்கவே மாட்டேன். இந்த மாதிரி விஷயங்களில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. காய் விஷயத்தில் இருக்கிறது.

அன்று சாயங்காலம் தங்கை வந்தாள். நடந்ததைச் சொன்னதும், “உனக்கு எப்பவுமே அப்படித்தான் அண்ணா. பேய் விளையாட்டுலயும் நான் சொன்னதை நீ நம்பலை” என்றாள். எனக்கு என்னவென்று புரியச் சற்று நேரம் ஆனது. பேக்-மேன்.

மஞ்சள் வட்டம் ஒன்று வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு புள்ளிகளைத் தின்றுகொண்டு போகும், நான்கு பேய்கள் துரத்தும், தெரியுமே. நாங்கள் ஒரே திரையில் மாறி மாறி ஆடுவோம், என் முறை வரும்போது அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லாததால் அவள்தான் ஒழுங்காகப் பார்த்திருக்கிறாள். “அந்த ஆரஞ்சுப் பேய்க்கு பயம்ணா. கிட்ட வந்தா ஓடிப்போயிடுது” என்பாள். பேய்க்கு என்னடி பயம், எல்லாம் கண்டபடி சுத்துதுங்க, உனக்கு ஆடத் தெரியலைன்னு சொல்லு என்று விரட்டிவிடுவேன்.

அவள் சொன்னது அப்படியே உண்மை. 1980இல் நாம்கோ நிறுவனத்துக்காக டோரு இவதானி உருவாக்கிய விளையாட்டு அது. நான்கு பேய்களுக்கும் நான்கு குணம் வைத்திருக்கிறார்கள். சிவப்பு நேராக நம் முதுகைப் பார்த்து வரும். இளஞ்சிவப்பு நாம் இருக்கும் இடத்துக்கு வராது, நாம் முகம் திருப்பியிருக்கும் திசையில் நான்கு கட்டம் முன்னால் போய் மறிக்கப் பார்க்கும். நீலம் நம்மையும் பார்க்கும், சிவப்புப் பேய் எங்கே இருக்கிறது என்றும் பார்க்கும், இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டு எங்கே போகும் என்று சொல்ல முடியாதபடி போகும். ஆரஞ்சு தூரத்தில் இருக்கும்வரை சிவப்பைப் போலவே துரத்திக்கொண்டு வரும், எட்டுக் கட்டத்துக்குள் வந்ததும் திரும்பித் தன் மூலைக்கு ஓடிவிடும். இந்தக் குணங்கள் ஜப்பானியப் பெயர்களிலேயே இருக்கின்றன. துரத்துபவன், பதுங்கித் தாக்குபவன், நினைத்தபடி மாறுபவன், ஒன்றும் தெரியாத மாதிரி நடிப்பவன் என்று கிட்டத்தட்ட அர்த்தம் வரும்.

நான்கும் ஒரே மாதிரி துரத்தினால் நான்கும் நம் முதுகுக்குப் பின்னால் ஒரே வரிசையில்தான் வரும், அதில் என்ன விளையாட்டு இருக்கிறது? இப்படி ஆளுக்கொரு புத்தி இருப்பதால்தான் நாலாபக்கமும் மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது. நான் அதில் எவ்வளவு நேரத்தை விரயம் செய்தேன் என்று கணக்கெடுத்தால் தலை சுற்றும். அவ்வளவு நேரத்தில் ஒரு தடவைகூட இளஞ்சிவப்பு ஏன் எப்போதும் எனக்கு முன்னால் வந்து நிற்கிறது என்று யோசிக்கவில்லை. என் அதிர்ஷ்டம் சரியில்லை என்றுதான் நினைத்தேன். இவ்வளவு வருஷம் கழித்துத் தங்கையிடம் மன்னிப்புக் கேட்டேன். “எழுதிக் குடு” என்றாள். இதோ எழுதிவிட்டேன்.

விளையாட்டுகளில் இன்னொன்று, இது பலருக்கும் தெரிந்திருக்கும். 1985இல் வந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ விளையாட்டில் மேலே மிதக்கும் மேகமும் கீழே இருக்கும் புதரும் ஒரே படம். நிறம்தான் வேறு. மேகத்துக்கு வெள்ளை, புதருக்குப் பச்சை. ஒரு தடவை பார்த்துவிட்டால் அப்புறம் பார்க்காமல் இருக்கவே முடியாது, தரையில் பச்சை மேகங்கள் முளைத்திருக்கின்றன. இது நகைச்சுவைக்காகச் செய்தது இல்லை. அந்த விளையாட்டு முழுக்க வெறும் 40 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டியிருந்தது. படம், அசைவு, இசை எல்லாம் சேர்த்து. இன்றைக்கு போனில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படம் அதைவிடப் பல மடங்கு பெரியது. இடம் இல்லாததால் ஒரே படத்தை இரண்டு இடத்தில் போட்டார்கள், நாம் மேகம் என்றும் புதர் என்றும் நம்பிக்கொண்டோம். இதேபோல 1978இல் வந்த ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ விளையாட்டில் எதிரிகள் குறையக் குறைய மிச்சம் இருப்பவர்கள் வேகமாக வருவார்களே, கோபத்தில் வருகிறார்கள் என்று நினைத்திருந்தேன். எதிரிகள் குறைந்தால் இயந்திரம் வரைய வேண்டியதும் குறைகிறது, அதனால் வேகம் தானாகக் கூடியது. உருவாக்கிய டொமோஹிரோ நிஷிகாடோ அதைச் சரி செய்யாமல் அப்படியே விட்டுவிட்டார். புத்திசாலித்தனம் என்றால் அதுதான். வந்த குறையை விளையாட்டின் உயிராகவே ஆக்கிவிட்டார்.

ஆனால் என்னைப் பொறுத்தவரை, எல்லாவற்றையும்விட என் முகத்தில் அறைந்தது ஒரு நாய்க்குட்டி.

ஆஸ்டெரிக்ஸ் சித்திரக் கதைகளில், கோசினி எழுதி உடெர்சோ வரைந்தவற்றில், ஆஸ்டெரிக்ஸும் ஓபெலிக்ஸும் பந்தயம் கட்டிக்கொண்டு தங்கள் தேசம் முழுக்கச் சுற்றி வரும் கதை ஒன்று உண்டு. பிரெஞ்சில் 1965இல் புத்தகமாக வந்தது. சின்ன வயதில் கைக்குக் கிடைத்த பிரதி கிழியும்வரை படித்திருக்கிறேன். எனக்கு அதில் சண்டைதான் பிடிக்கும். ரோமானியர்கள் செருப்பை விட்டுவிட்டு மேலே பறக்கும் படங்களுக்காகப் பக்கங்களை வேகமாகப் புரட்டிக்கொண்டு போவேன். சமீபத்தில் வேறு எதற்கோ தேடும்போது அந்தக் கதை மறுபடி கையில் கிடைத்தது. அவசரம் இல்லாமல் படித்தேன். இருவரும் லுடேஷியாவில், அதாவது இன்றைய பாரிஸில், ஒரு கடைக்குள் போய்விட்டு வெளியே வருகிறார்கள். கடை வாசலில் ஒரு சின்ன வெள்ளை நாய் உட்கார்ந்திருக்கிறது. அதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த பக்கத்தில் அவர்கள் ஓடுகிறார்கள், மூலையில் அந்த நாயும் ஓடுகிறது. அதற்கடுத்த ஊரிலும் இருக்கிறது. சண்டையில் இருக்கிறது, பயணத்தில் இருக்கிறது. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, ஒரு வார்த்தை அதைப் பற்றிக் கிடையாது. கடைசியில், தேசம் முழுக்கச் சுற்றி முடித்துக் கிராமத்துக்கு வந்து சேர்ந்த பிறகுதான் ஓபெலிக்ஸ் முதல்முறையாகக் குனிந்து அதைப் பார்க்கிறான்.

அந்த நாய்தான் பிற்பாடு எல்லாக் கதைகளிலும் ஓபெலிக்ஸின் கூடவே வரும் இடெஃபிக்ஸ். ஆங்கிலத்தில் டாக்மேடிக்ஸ். அந்தக் கதைகளில் எனக்கு நன்றாகத் தெரிந்த நாயாகத்தான் அது இருந்தது, அதனால் இந்தக் கதையிலும் கடைசிக் கட்டத்தில் அதைப் பார்த்துவிட்டு ‘ஓ, நம்ம நாய்’ என்று போயிருக்கிறேன். அது பின்னாலேயே ஓடி வந்தது எனக்குத் தெரியாது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து நாயை மட்டும் தேடித் தேடிப் பார்த்தேன். விரலை வைத்துக்கொண்டு. உடெர்சோவுக்கு எவ்வளவு பொறுமை இருந்திருக்க வேண்டும்! ஒவ்வொரு தடவையும் ஒரு ஓரத்தில் அந்தக் குட்டியை வரைய வேண்டும், ஆனால் கண்ணை உறுத்தாமல் வரைய வேண்டும். கவனிப்பதில் நான் ஓபெலிக்ஸைவிட மோசம். அவனாவது கதை முடியும்போது பார்த்துவிட்டான்.

தாங்கள் சிரித்துக்கொள்வதற்காக, கூட்டாளிகளுக்காக, சும்மா ஒரு பழக்கத்துக்காக இப்படி ஒளித்து வைப்பவர்களும் இருக்கிறார்கள். பிக்ஸார் படங்களில் எங்காவது ஏ113 என்று ஓர் எண் வரும். ‘டாய் ஸ்டோரி’யில் அம்மாவின் கார் நம்பர் பலகையில் இருக்கிறது, ‘ஃபைண்டிங் நீமோ’வில் முக்குளிப்பவரின் கேமராவில் இருக்கிறது. கலிஃபோர்னியா கலைக் கல்லூரியில் அனிமேஷன் படித்தவர்களின் வகுப்பறை எண் அது, அங்கே படித்தவர்கள் போகிற இடமெல்லாம் அதைத் தூவிவிட்டுப் போகிறார்கள். சத்தத்திலும் இதேதான். 1951இல் ஒரு படத்துக்காக, முதலை கடித்து ஒருவர் அலறும் சத்தம் ஒன்று பதிவானது. 1977இல் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்துக்கு ஒலி அமைத்த பென் பர்ட் அதைத் தேடி எடுத்துப் போட்டார். அதற்குப் பிறகு ஒலி அமைப்பாளர்களுக்குள் அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது, நூற்றுக்கணக்கான படங்களில் யாராவது உயரத்திலிருந்து விழும்போது அதே மனிதர் அதே குரலில் அலறுகிறார். வில்ஹெல்ம் அலறல் என்று பெயர். இதைத் தெரிந்துகொள்ளாமல் இருந்திருக்கலாம் என்று சில சமயம் தோன்றும். எவ்வளவு உருக்கமான சண்டைக் காட்சியாக இருந்தாலும் அந்தச் சத்தம் கேட்டால் எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது, தியேட்டரில் பக்கத்தில் இருப்பவர்கள் முறைக்கிறார்கள்.

ஹிட்ச்காக் தன் படங்களில் எங்காவது ஒரு நொடி தலையைக் காட்டிவிட்டுப் போவார் என்பது ஊரறிந்தது. ஆனால் 1944இல் அவர் எடுத்த ‘லைஃப்போட்’ படம் முழுக்க நடுக்கடலில் ஒரு படகில் நடக்கிறது. அங்கே எப்படி நடந்து போவது? படகில் ஒருவர் கையில் பழைய செய்தித்தாள், அதில் உடல் மெலிய மருந்து விளம்பரம், மருந்துக்கு முன் - மருந்துக்குப் பின் என்று இரண்டு படங்கள். இரண்டிலும் ஹிட்ச்காக். அந்த சமயத்தில் அவர் நிஜமாகவே உடம்பைக் குறைத்திருந்தார், அதனால் இரண்டு படமும் அசல்.

இந்த வகையில் எனக்கு ரொம்பப் பிடித்தது கிரேஸி மோகனுடையது. ‘அபூர்வ சகோதரர்க’ளில் கௌதமி ஜானகி. ‘அவ்வை சண்முகி’யில் மீனா ஜானகி. ‘வசூல்ராஜா’வில் சிநேகா ஜானகி. அவர் நாடகங்களிலும் ஜானகிதான். பள்ளி நாட்களில் தன்னை மேடை ஏற்றிய ஜானகி என்ற ஆசிரியையின் நினைவாக வைத்த பெயர் என்று அவரே சொல்லியிருக்கிறார். நான் இந்தப் படங்களை எல்லாம் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கப் பார்த்திருக்கிறேன், வேகமாக வரும் வசனங்களில் ஒன்றைப் பிடிப்பதற்குள் அடுத்தது தாண்டிப் போய்விடுமே, அதற்காகத் திருப்பித் திருப்பி ஓட்டியிருக்கிறேன். ஒளிந்திருக்கும் நகைச்சுவையை எல்லாம் பிடித்துவிட்டேன் என்ற கர்வம் வேறு. ஒளியாமல் எதிரிலேயே நின்ற டீச்சரை மட்டும் பார்க்கவில்லை.

கோபத்தில் ஒளித்து வைத்தவர்களும் உண்டு. அடாரி நிறுவனத்தில் வேலை பார்த்த வாரன் ராபினெட் 1980இல் வெளிவந்த ‘அட்வெஞ்சர்’ என்ற விளையாட்டைத் தனி ஆளாகச் செய்தார். அந்தக் காலத்தில் நிறுவனம், விளையாட்டைச் செய்தவரின் பெயரைப் பெட்டியிலோ விளையாட்டிலோ எங்கும் போடாது. மனிதர் யாரிடமும் சொல்லாமல் உள்ளே ஓர் அறையைக் கட்டினார். பின்னணியின் நிறத்திலேயே இருக்கும் ஒரே ஒரு புள்ளியைக் கண்டுபிடித்து எடுத்துக்கொண்டு போனால்தான் அந்த அறைக்குள் நுழைய முடியும். உள்ளே ஒன்றும் இல்லை, ‘இதை உருவாக்கியவர் வாரன் ராபினெட்’ என்று பல நிறத்தில் மின்னும் எழுத்து மட்டும். பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்களுக்குக்கூடத் தெரியாது. ஒரு சிறுவன் கண்டுபிடித்து நிறுவனத்துக்குக் கடிதம் எழுதியபோது அவர் வேலையை விட்டே போயிருந்தார். அழித்துவிடலாமா என்று யோசித்தவர்கள் செலவைப் பார்த்து விட்டுவிட்டார்கள், கடைசியில் இப்படி ஒளித்து வைப்பதையே ஒரு வழக்கமாக்கிக்கொண்டார்கள். ‘ஈஸ்டர் முட்டை’ என்று இன்றைக்கு இதற்கெல்லாம் சொல்கிறார்களே, அந்தப் பேச்சு அங்கிருந்துதான் பரவியது.

இங்கேதான் எனக்கு ஒரு மனக்குறை. ராபினெட்டுக்கு ஒரு காரணம் இருந்தது. உடெர்சோவுக்கு யார் கவனித்தாலும் கவனிக்காவிட்டாலும் கவலை இல்லை. இப்போது வரும் பெரிய படங்களில் கண்டுபிடிப்பதற்கென்றே எல்லாவற்றையும் பரப்பி வைக்கிறார்கள். சுவரில் ஒரு போஸ்டர், மேசையில் ஒரு பொம்மை, போன படத்து வில்லனின் மோதிரம். படம் வெளியான அன்றைக்கே ‘நீங்கள் கவனிக்காத 50 விஷயங்கள்’ என்று வீடியோ வந்துவிடும், அதில் நாற்பது நாம் கவனித்தவையாகவே இருக்கும். இது என்ன ஒளித்து வைப்பது? கண்ணாமூச்சியில் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றுகொண்டு “நான் இங்க இல்லை” என்று கத்துகிற குழந்தை மாதிரிதான். குழந்தையாவது அழகு.

இன்னொரு பக்கம் இல்லாததைக் கண்டுபிடிக்கும் வியாதி. அதிலும் எனக்கு அனுபவம் உண்டு. ஒரு படத்தில் வீட்டுச் சுவர்க் கடிகாரம் எந்தக் காட்சியிலும் பத்து மணி பத்து நிமிடமே காட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். பகலிலும் பத்து பத்து, ராத்திரியிலும் பத்து பத்து. அம்மா இறந்த நேரம் அது, அந்த வீட்டில் காலம் அதோடு நின்றுவிட்டது, இயக்குநர் சொல்லாமல் சொல்கிறார் என்று இரண்டு நாள் யோசித்து நண்பர்களுக்கு நீளமாக எழுதி அனுப்பினேன். பாராட்டெல்லாம் வந்தது. அப்புறம் ஒருவன் கேட்டான், “நீ கடிகார விளம்பரமே பார்த்ததில்லையா?” விளம்பரத்தில், கடையில், பெட்டி மேல் அச்சடித்த படத்தில், எங்கே பார்த்தாலும் முள் பெரும்பாலும் பத்து பத்தில்தான் இருக்கும். இரண்டு முள்ளும் சமமாக விரிந்து, நடுவில் நிறுவனத்தின் பெயர் மறையாமல் தெரியும். புதுக் கடிகாரத்தை வாங்கி பேட்டரி போடாமல் அப்படியே சுவரில் மாட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஓடினால் காட்சிக்குக் காட்சி நேரம் மாறித் தொல்லை. அந்த நண்பன் இன்னும் எந்தச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாலும் “யார் செத்தது?” என்று என்னிடம் கேட்கிறான்.

அதனால் காய் விஷயத்திலும் கொஞ்சம் பயத்தோடுதான் இறங்கினேன். நானாக எதையாவது ஏற்றிச் சொல்லிவிடக் கூடாதே. ஆனால் மருமகள் விடவில்லை. அன்று ராத்திரி தன் அம்மாவை உட்கார வைத்து, என்னை உட்கார வைத்து, போனை நடுவில் வைத்து, வரிக்கு வரி நிறுத்தச் சொன்னாள். அவளுடைய படம் வரையும் நோட்டில் இடப்பக்கம் காய், வலப்பக்கம் ‘காய் இல்லாதது’ என்று இரண்டு கட்டம் போட்டாள்.

மாதுளங்காய். மாது உளம் காய். பெண்ணின் மனசு காயாக இருந்தாலும் ‘என்னுளங்காய் ஆகுமோ’, என் மனசு காயாக இருக்குமா என்று கேட்கிறான். அடுத்து ஏலக்காய் வாசனை போல் எங்கள் உள்ளம் ‘வாழக்காய்’. “வாழைக்காய்!” என்று கத்தினாள். வாழைக்காய்தான், ஆனால் நாங்கள் வாழக் காய் என்று நிலாவிடம் சொல்வதும்தான். ‘கொற்றவரைக்காய்’ வந்தபோது தங்கை பிடித்துவிட்டாள், “கொத்தவரங்காய்ணா, கொற்றவரைக் காய், என்னைக் காயாதே, ராஜாவைப் போய்க் காய்!” அதற்குள்ளேயே ஓர் அவரைக்காயும் இருக்கிறது என்று நான் சொன்னதை அவள் ஒப்புக்கொள்ளவில்லை, நோட்டில் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியோடு எழுதிக்கொண்டோம். ‘பேச்சுரைக்காயோ’வில் சுரைக்காய். சில நிமிடப் பாட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியது, மருமகளுக்குக் கண் சொருக ஆரம்பித்துவிட்டது.

ஒரே ஒரு வரியில் மட்டும் சிக்கிக்கொண்டோம். ‘உள்ளமெலாம் மிளகாயோ’. இடப்பக்கம் மிளகாய் என்று எழுதியாகிவிட்டது, வலப்பக்கம் காலி. உள்ளமெல்லாம் காரம், அதாவது கோபம், அப்படித்தான் நான் எப்போதும் எடுத்துக்கொள்வேன், அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை என்றேன். சரி என்று தங்கையும் தலையாட்டினாள். மருமகள் பென்சிலைக் கீழே வைக்கவில்லை. அந்த வரியைத் திருப்பிப் போடச் சொன்னாள். இன்னொரு தடவை. அப்புறம் தூக்கக் குரலில் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். உள்ளமெலா மிளகாயோ. உள்ளமெலாம் இளகாயோ.

“இளகாயோன்னா என்ன மாமா?”